பாலாம்பிகையின் கேப்புத் துவக்கு

கதவைத் திறந்ததும் எதிரே பொலிஸ்காரர். என் கால் இரண்டும் விறைத்துப் போயின. எங்கள் ஆட்களுக்கு இது தீராத வருத்தம். லண்டனுக்கு வந்து பத்து வருசமாகி, கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் வந்த பிறகு கூட, சீருடையைக் கண்டால் 'நான் என்ன செய்தேன்' என்றுதான் மனம் முதலில் தேடும். ஆனால் அவர் என்னைத் தேடி வரவில்லை. சப்பாத்தைக் கால்மிதியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "மிஸிஸ் தியாகராஜா வாங்கப்போகும் துப்பாக்கியை எங்கே வைக்கப் போகிறார் என்று பார்க்கலாமா?"

வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, மாடிப்படியில் என் மனைவி பாலாம்பிகை வந்து நின்றாள். நல்ல சேலை, மேலே கம்பளிச் சட்டை, நெற்றியில் திருநீறு. கோயிலுக்குப் போகிற ஆள் மாதிரி நின்றுகொண்டு, "மேலே வாருங்கள், எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது" என்று அவரைக் கூப்பிட்டாள்.

நானும் ஒன்றும் விளங்காமல் பின்னால் ஏறிப் போனேன். சின்ன அறையில் இருந்த இரும்புப் பெட்டியை அந்த மனிதர் அசைத்துப் பார்த்தார், அது அசையவில்லை. எப்படி அசையும்? அதைச் சுவரோடு சேர்த்து இறுக்கியவன் நான். பாஸ்போர்ட்டும் தாலிக்கொடியும் வைக்க ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றாள், நானும் நம்பி அரை நாள் சுவரில் துளை போட்டேன். என் கையாலேயே! பக்கத்தில் தடித்த பலகையில் செய்த இன்னொரு பெட்டி. அது சுவாமிப் படம் வைப்பதற்கு என்று நினைத்திருந்தேன். வெடிமருந்துக்காம்.

போகும்போது அவர் என்னைப் பார்த்து, "வீட்டில் இருப்பவர் என்ற முறையில் உங்களுக்கு ஏதாவது மறுப்பு உண்டா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சீருடைக்கு முன்னால் என் நாக்குக்குத் தெரிந்தது ஒரே பதில்தான். "நோ சேர், நோ சேர்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் வெடித்தேன்.

"உமக்கு விசரே? துவக்குக்குப் பயந்துதானே நாடு விட்டு நாடு ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீர் காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறீரோ?"

"கத்தாதேங்கோ. தேத்தண்ணி போடட்டோ?"

"தேத்தண்ணி ஒண்டுதான் இப்ப குறை!"

"மறுப்பு இருக்கோ எண்டு அவர் கேட்டவர்தானே. நீங்கள்தானே நோ சேர் எண்டனீங்கள்" என்று சொல்லிவிட்டுக் கேத்திலை வைக்கப் போய்விட்டாள். இதுதான் பாலாம்பிகை. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பெண் பார்க்கப் போன அன்றே, எனக்கு வைத்த தேத்தண்ணியில் சீனி காணாது என்று தானே எடுத்துக்கொண்டு போய்ச் சீனி போட்டு வந்தவள். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கதை பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. நாங்கள் இருக்கிற லண்டன் புறநகருக்கு மிச்சம் என்று பெயர், அங்கே ஒரு பழைய விளையாட்டுச் சங்கம் இருக்கிறது. ஞாயிறு தோறும் அங்கே தேத்தண்ணியும் சான்ட்விச்சும் கொடுக்கிற வேலை அவளுக்கு. கிரிக்கெட் விளையாடுகிற இடம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். கிரிக்கெட்டும் விளையாடுகிறார்கள்தான். பின்பக்கம் ஒரு நீளமான செங்கல் கொட்டகையில் பிஸ்டலும் சுடுகிறார்கள்! வேலைக்குப் போன முதல் நாளே வெடிச் சத்தம் கேட்டுத் தட்டத்தைப் போட்டுவிட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தாளாம்.

"பிறகு?"

"பிறகு எழும்பிப் போய்ப் பாத்தன். இவ்வளவு காலமும் வெடிச் சத்தம் கேட்டிருக்கிறம், ஆர் போடுறாங்கள் எண்டு ஒருநாளும் கண்டதில்லையே. போய்ப் பாத்தா, கண்ணாடி போட்ட ஒரு கிழவி நிக்கிறா. அவவின்ர விரல் அசைஞ்சாத்தான் சத்தம் வருது. அசையாட்டி வராது. அதைப் பாத்த உடனை எனக்கு அழுகை வந்திட்டுதப்பா."

அந்தக் கிழவி மிஸிஸ் பிரிட்செட். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர்தான் இவள் கையில் சங்கத்துப் பிஸ்டலைக் கொடுத்துப் பழக்கியவர். எத்தனை வருசமாக? தொண்ணூற்றி நாலில் இருந்தாம்! நான் ஹவுன்ஸ்லோவில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற குசினியில் ஞாயிறு ஷிப்ட் செய்துகொண்டிருக்க, என் மனைவி இங்கே துவக்குச் சுட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்றி ஏழில் அரசாங்கம் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. சங்கத்துப் பிஸ்டல்கள் எல்லாம் பொலிசுக்குப் போயின. ஒரு வகை மட்டும் தப்பியது: முன்பக்கத்தால் மருந்து கெட்டிக்கிற பழைய காலத்து மாதிரி றிவோல்வர். அதிலே ஆயத்தமான தோட்டா கிடையாது. உருளையில் இருக்கிற ஒவ்வொரு குழியிலும் கரிமருந்தை அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தி, பின்பக்கம் சின்னத் தொப்பி போல ஒரு கேப்பு மாட்ட வேண்டும். ஊரில் கேப்புத் துவக்கு என்போமே, அதன் தம்பி. அதைத்தான் பாலாம்பிகை வாங்கினாள். தொண்ணூற்றி எட்டு வைகாசியில் அது வீட்டுக்கு வந்தது. நான் அன்று வேண்டுமென்றே இரண்டு ஷிப்ட் செய்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே பேச்சு 'அளவு'. எவ்வளவு மருந்து போட்டால் குண்டு எங்கே போகும்? ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொரு அளவு பொருந்துமாம், அதைச் சுட்டுச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் கடுதாசி விரித்து, சின்னத் தராசில் மருந்து நிறுத்து, பிளாஸ்டிக் குழாய்களில் போட்டு மூடுவாள். நான் மழையென்றாலும் தோட்டத்தில் போய் நிற்பேன். ஞாயிறு பின்னேரம் ஓட்டை விழுந்த இலக்குத் தாள்களோடு வருவாள். முதலில் ஓட்டைகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. சிட்டிகை குறைத்தாள், சிட்டிகை கூட்டினாள். ஆடி மாதம் ஒருநாள் ஓட்டைகள் எல்லாம் ஒரு தேத்தண்ணிக் கோப்பைச் சோசரால் மூடிவிடலாம் போல ஒன்றாகக் கிடந்தன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, சொல்லவில்லை.

"இதுதானே அந்த அளவு? இதோடை நிப்பாட்டுமன்" என்றேன்.

"இல்லை, இன்னும் குறைக்கலாம்."

குறைத்தாள். ஓட்டைகள் மறுபடி சிதறின. எனக்கு ஆத்திரம். கையில் கிடைத்ததை விட்டுவிட்டு இன்னும் குறைக்கிற விசரை எங்காவது கண்டிருக்கிறீர்களா? மருந்து குறைந்தால் குழிக்குள் வெற்றிடம் வந்துவிடுமாம், குண்டு ஆழத்தில் போய் இருந்துவிட்டால் நேராகப் போகாதாம். அந்த இடத்தை நிரப்ப மருந்துக்கு மேலே ரவை போடுவார்களாம்.

"ரவையோ? உப்புமாக் கிண்டுற ரவையோ?"

"ஓம். வெள்ளைக்காரர் எல்லாரும் அதுதான் போடுகினம்."

மிஸிஸ் பிரிட்செட் ஒரு பை ரவை கொடுத்திருந்தார். அதை அளந்து போட்டுப் போட்டு, மருந்தை இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டே போனாள். புரட்டாதியில் ஓட்டைகள் மறுபடி ஒன்றுகூடின. அன்று அவள் குசினியில் பாட்டுப் பாடினாள்.

இவ்வளவும் நான் பொறுத்தேன். ஐப்பசியில் பொறுமை போய்விட்டது. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில், பிரசாதம் வாங்க நிற்கிற வரிசையில் வைத்து, "அண்ணை, உங்கடை வீட்டிலை ஆயுதக் களஞ்சியமாம்?" என்று எங்கள் ஊர்க்காரன் சபாரத்தினம் கேட்டான். கேட்டது மெதுவாகத்தான், ஆனால் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"ஒண்டில் துவக்கு, இல்லாட்டி நான். ரண்டும் ஒரு கூரைக்குக் கீழை இருக்க ஏலாது."

அவள் கையிலிருந்த இலக்குத் தாளை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "போன வருசம் வாணம் விட்ட அண்டு நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

அந்தக் கேள்வி தேவையில்லாதது. கார்த்திகை, அதாவது நவம்பர், ஐந்தாம் திகதி இந்த ஊர் முழுவதும் வாணமும் வெடியும் விடுகிறார்கள், அது எல்லாருக்கும் தெரியும். போன வருசம் அன்று மகள் சிவகௌரியும் அவள் மாமன் மாமியும் சாப்பிட வந்திருந்தார்கள். பின்வீட்டில் பெரிய வெடி ஒன்று வெடித்தபோது என் கரண்டி விழுந்தது. எடுக்க மேசைக்குக் கீழே போனேன். கரண்டி எடுக்க இவ்வளவு நேரமா என்று சம்பந்தி கேட்டார். அதற்கு முந்திய வருசம் எழுதிக்கொண்டிருந்த பேனை விழுந்தது. அதற்கும் முந்தி, படுக்கையறை அலுமாரிக்குள் ஏதோ தேடிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணம் பெரிய கடை வீதியில் எனக்கு ஒரு புடவைக் கடை இருந்தது. எண்பத்தேழில் அதற்கு முன்னால் ஷெல் விழுந்தது. அன்று கடை வாசலில் நின்றவர்களைப் பற்றி நான் எவரோடும் கதைப்பதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்?" என்று கத்தினேன்.

"சரி, ஒரு பந்தயம். வாற ஞாயிறு வெளிமைதானத்திலை சங்கத்துச் சுடுகை இருக்கு. ரண்டு சுற்றுச் சுடுவன். எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள்ளை விழவேணும். ஒண்டு வெளியிலை போனாலும் துவக்கைக் குடுத்துப்போடுறன், பிறகு தொடமாட்டன். பிள்ளையார் சத்தியம். ஆனா நீங்கள் வந்து எனக்குப் பின்னாலை நிண்டு பாக்கவேணும். சுட்டு முடியுமட்டும்."

பிள்ளையார் சத்தியம் என்று அவள் வாயில் வந்தால் அது நடக்கும். ஒரே ஒரு ஓட்டை வெளியே விழுந்தால் போதும், என் வீட்டிலிருந்து அந்தச் சனியன் தொலைந்துவிடும். ஓமென்றேன். பின்னால் நிற்க வேண்டும் என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மிஸிஸ் பிரிட்செட்டின் வான் வண்டியில் லண்டனுக்கு வெளியே சரே பக்கம் போனோம். புல்வெளி, மண்மேடு, மேட்டுக்கு முன்னால் தாள்கள். காதுக்கு மாட்ட ஒரு அடைப்புத் தந்தார்கள். மாட்டினேன். பக்கத்து ஆள் ஒருவர் சுட்டார். காதுக்குத்தான் அடைப்பு, நெஞ்சுக்கு ஏது? சத்தம் மார்பெலும்பில் வந்து இடித்தது. என் முழங்கால் தானாக மடிந்தது. முன்னால் கிடந்த கதிரையின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் நிலத்தில் இருப்பேன் என்று தெரிந்தது.

பாலாம்பிகையின் முறை வந்தது. குழாயிலிருந்து மருந்தும் ரவையும் ஒன்றாகக் குழிகளில் கொட்டினாள், குண்டை அழுத்தினாள், கேப்பு மாட்டினாள். ஒரு கையை நீட்டி நின்றாள். அந்த நிலையில் அவளை நான் அதுவரை கண்டதில்லை. வீட்டில் ஊசியில் நூல் கோர்க்கும்போது இருக்கிற முகம்தான். ஆனால் கையில் துவக்கு!

முதல் வெடி. புகை. கறுப்புக்குள்தான், ஆனால் கரையில். அடுத்ததும் கரையில். மூன்றாவது வெடிக்கவில்லை, 'புஸ்' என்று இருமியது. குண்டு கீழே, வெள்ளையில் போய் விழுந்தது. நான்காவதுக்குக் கேப்பு மட்டும் 'டிக்' என்றது, வேறொன்றும் நடக்கவில்லை.

வென்றுவிட்டேன்! துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். துவக்கை மேட்டுக்கு நேரே பிடித்தபடி அசையாமல் காத்து நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. மைதானப் பொறுப்பாளர் வந்து எல்லாவற்றையும் சோதித்துத் துவக்கை வெறுமையாக்கினார். அவருக்கும் விளங்கவில்லை.

"அளவு சரிதான். நாலு தரம் நிறுத்தனான்" என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிச்சமிருந்த குழாய் ஒன்றைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். ரவை வெள்ளையாக இல்லை. பொன்னிறம். எடுத்து முகர்ந்தேன்.

"அடி பாவி! இது என்ர ரவையெல்லோ!"

மைதானம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். எங்கள் குசினி என் பொறுப்பு. ரவை வாங்கினால் அன்றைக்கே இரண்டு கரண்டி நெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்துப் போத்தலில் போட்டு வைப்பேன். பூச்சி பிடிக்காது, அவசரத்துக்கு உப்புமாவும் உதிரியாக வரும்.

"கிழவி தந்தது முடிஞ்சுபோச்சு. உங்கடை போத்திலிலை எடுத்தனான்" என்றாள். "வறுத்த ரவை எண்டா ஈரம் இராது, இன்னும் நல்லமெண்டு நினைச்சன்."

"நெய்யிலை வறுத்ததடியப்பா! இந்த முறை வியாழக்கிழமையே கட்டி வைச்சனீர். மூண்டு நாளா நெய் ஊறின மருந்து எப்பிடி வெடிக்கும்?"

மிஸிஸ் பிரிட்செட்டுக்கு விளக்கிச் சொன்னேன். வெள்ளைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தன் பெட்டியிலிருந்து வறுக்காத பச்சை ரவையும் புது மருந்தும் தராசும் எடுத்துக் கொடுத்தார். பாலாம்பிகை திரும்ப ஒவ்வொன்றாக நிறுக்கத் தொடங்கினாள். நான் திரும்பவும் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் கிழவி என் பக்கத்தில் வந்து, காதடைப்பை ஒரு பக்கம் விலக்கிச் சொன்னதை என் சாவுவரை மறக்கமாட்டேன்.

"உங்கள் மனைவிக்கு ஆடி மாதமே நல்ல அளவு கிடைத்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் இந்த வருசம் எங்களில் சிறந்தவர் அவர்தான். நான் எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. நேராகவும் போகவேண்டும், சத்தமும் ஆகக் குறைவாக இருக்கவேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்த வேண்டும், அவர் ஓடிவிடாத அளவு வேண்டும் என்றார்."

கோடை முழுவதும் சிட்டிகை சிட்டிகையாக அவள் குறைத்தது எனக்காக! நான் மழையில் தோட்டத்தில் நின்று திட்டிக்கொண்டிருந்த அத்தனை சனிக்கிழமையும் அவள் மேசையில் இருந்து நிறுத்தது என் பயத்தை. கரண்டி, பேனை, அலுமாரி, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருநாளாவது 'பயமா' என்று என்னைக் கேட்டதில்லை. கேட்டால் நான் கத்துவேன் என்பதும் தெரியும். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவள் எழுந்து சுடுகிற கோட்டுக்குப் போனாள். போக முதல் திரும்பி, நான் நிற்கிறேனா என்று பார்த்தாள்.

கதிரையை விட்டேன்.

வெடித்தது. சத்தம் வந்தது, நெஞ்சில் இடித்தது, ஆனால் அவளுடைய விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விரல் அசைந்தது, சத்தம் வந்தது. விரல் நின்றது, சத்தமும் நின்றது. அடுத்ததுக்கு முழங்கால் ஆடியது, மடியவில்லை. அதற்கடுத்தது வரும் நேரம் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெடி வரப்போவது எனக்கு முதலே தெரிந்தது! சட்டை நனைந்துவிட்டது. புகை வந்து முகத்தில் அடித்தது. கடைசி வெடிக்கும் நான் நின்றேன்.

தாளைக் கழற்றி வந்து மேசையில் விரித்தார்கள். இரண்டாம் சுற்று முழுவதும் கறுப்பின் நடுவில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. கீழே வெள்ளையில் அந்த ஒற்றை ஓட்டை.

பாலாம்பிகை அதில் விரலை வைத்தாள். "ஒண்டு வெளியிலை போயிட்டுது. சத்தியம் சத்தியம்தான். நாளைக்குப் பொலிசுக்கு அறிவிச்சுக் குடுத்துவிடுறன்" என்றாள். பிறகு, "நீங்கள் நிண்டனீங்கள். எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு குழாய்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சபாரத்தினத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் போகலாம். தாளைப் பார்த்தேன். அந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது என்ர நெய்" என்றேன். "அது கணக்கிலை வராது."

அவள் நிமிரவில்லை. காதடைப்பு இன்னும் காதில்தான் இருந்தது, நான் சொன்னது கேட்டிருக்காது. கிட்டப் போய் என் கையாலே அதைக் கழற்றினேன். கழற்றிவிட்டு, அந்த மைதானத்தில் எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்.

"அது கணக்கிலை வராதெண்டுறன்! வாற ஞாயிறு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?"